வாசற்படியில் கழற்றிய பூட்ஸ்

செருப்பு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத சட்டம். நடக்கத் தொடங்கிய குழந்தைகூட அதைத் தானே தெரிந்துகொள்ளும். கொத்தமங்கலத்தில் நான் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேர் குடும்பங்களும் தனித்தனியாக உலை வைத்துக்கொண்டு ஒரே நடுமுற்ற வளவைச் சுற்றிக் குடியிருந்தோம். தோலில் செய்த எதுவும் உள்ளே வராது. என் கணவர் மலேயாவிலிருந்து கொண்டுவந்த தோல் பெட்டி மட்டும் எப்படியோ எங்கள் அறைவரைக்கும் வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

என் மகளின் பூட்ஸை அந்த வாசற்படியில் கழற்றியவள் நான். இதைச் சொல்ல இவ்வளவு வருஷம் பிடித்திருக்கிறது. புகுந்த வீட்டில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். கறிகாய்க்காரனிடம் நீளும், வேலைக்காரியிடம் நீளும், கடிதத்தில் கணவரிடம் நீளும். நீள வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

அவள் பிறந்தபோது அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டி, தண்ணீர் தெளித்து, வெகுநேரம் கழித்துத்தான் ஒரு சின்னக் குரல் வந்தது. எல்லோரும் பிழைத்ததே பெரிது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வயதில் உட்காரவில்லை. இரண்டு வயதில் தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போய்விடும். ஐந்து வயதில் தூணுக்குத் தூண் பிடித்து நடந்தாள், அதுவும் விரல் நுனியில். குதிகால் தரையைத் தொட்டதே இல்லை. பேச்சு கொஞ்சம் இழுக்கும். புத்தியில் குறையில்லை. நான் பால் கணக்கில் தப்புப் பண்ணினால் திருத்துவாள்.

இளம்பிள்ளை வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினோம், மந்திரித்துக் கட்டினோம், குன்றக்குடிக்குப் படியேறினோம். கடைசியில் என் தம்பி எங்களை மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். அப்போது அவளுக்கு ஏழு வயது. அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு டாக்டர் அவள் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து மேலே தள்ளினார். அது துள்ளித் துள்ளி எதிர்த்தது. “இது வாதமில்லம்மா. காலுக்கு ஒன்னும் ஆகல. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளையில ஒரு இடம் கெட்டிருக்கு. அங்க இருந்து ‘இறுக்கு இறுக்கு’ன்னே உத்தரவு போய்க்கிட்டிருக்கு. தசை எப்பவும் இறுகியே இருக்கிறதால குதிகால் நரம்பு குட்டையாப் போச்சு” என்றார்.

“வெட்டுனா சரியாப் போயிருங்களா?” என்று கேட்டேன்.

“மூளையை நான் தொட முடியாது. நரம்பை நீட்டி விடலாம். தொடையில உள்பக்கம் இழுக்கிறதைக் கொஞ்சம் விடுவிக்கலாம். ஆனா கத்தி செய்யறது பாதி வேலைதான். இழுக்கிற மூளை இழுத்துக்கிட்டேதான் இருக்கும், எலும்பு வேற வளரும். மீதிப் பாதியை நீங்க செய்யணும்.”

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்தே ஆட்டினேன் என்பதுதான் இதில் முக்கியம். பின்னால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

ஆபரேஷன் நடந்தது. இரண்டு குதிகாலுக்கும் மேலே விரல் நீளத்துக்கு ஒரு கோடு, தொடை இடுக்கில் இரண்டு கோடு. தொடையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. கால்கள் சேர்ந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு கட்டையை வைத்து அதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். கட்டுக்குள் தசை திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். அவள் என் கையைக் கடித்துக்கொண்டு அழுவாள். நான் நர்ஸுகளோடு சண்டை போட்டேன், கூட்டுகிறவளோடு சண்டை போட்டேன், பால் தண்ணீராக இருக்கிறது என்று கான்டீன்காரனை ஒரு நாள் முழுக்க ஏசினேன். என் பிள்ளைக்காக எதையும் செய்கிற தாய் என்று என்னைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவளை நிறுத்தினார்கள். பாதம் இரண்டும் தட்டையாகத் தரையில் பதிந்தன. அவள் கீழே குனிந்து பார்த்தாள். “ஆத்தா, குதிகால்ல தரை சில்லுங்குது” என்றாள். அது ஏழு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த புதுச் செய்தி. நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பூட்ஸ் வந்தது. கணுக்காலுக்கு மேல்வரை வருகிற கறுப்புத் தோல் பூட்ஸ். அதன் குதியில் துளை போட்டு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகளைச் செருகியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் பட்டை. டாக்டர் என்னிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “காலையில எழுந்திரிச்சதிலிருந்து படுக்கப் போறவரைக்கும் கால்ல இருக்கணும். வீட்டுக்குள்ளயும்தான். படுக்கும்போது, மாவுக்கட்டை ரெண்டாப் பிளந்து செஞ்ச இந்த மாவுத் தொட்டியில காலை வச்சுக் கட்டிடணும். குளிக்க மட்டும் கழட்டலாம்.”

பூட்ஸ் செய்துகொடுத்த பெரியவர் விவரமானவர். என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “வீட்டுக்குள்ள போட யோசனையா இருந்தா இன்னொரு சோடி தெச்சுத் தாரேம்மா. அதைத் தெருவுல போடாம உள்ளுக்கு மட்டும் வச்சுக்கங்க. தோலு ஆகாதுன்னா கித்தான் துணியிலகூடப் பண்ணலாம்” என்றார். இதைவிட எளிதாக ஒரு வழியை யாரும் சொல்லிவிட முடியாது. எனக்கு ஏனோ சுருக்கென்றது. எங்கள் வீட்டு வழக்கத்தைப் பற்றி இவர் என்ன பேசுவது என்று தோன்றியது. “அதெல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கிடுவோம்” என்றேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி இருக்கும். முகப்பில் அவளை இறக்கிவிட்டேன். பூட்ஸோடு வாசற்படியைத் தாண்டி, சுவரைப் பிடித்தபடி நான்கைந்து எட்டு வைத்தாள். பளபளவென்று இருந்த தரையில் இரும்பும் தோலும் டக், டக் என்று விழுந்தது வளவு முழுவதும் கேட்டது. உள்ளே அடுப்படியிலிருந்து மூத்த ஓர்ப்படியாள், அதாவது என் கணவருடைய பெரிய அண்ணனின் மனைவி, “என்னத்தா அது சத்தம்? ஆரு வாராக?” என்று குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான் கேட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. நான்கு வீட்டுப் பெண்களும் எட்டிப் பார்க்கப் போகிறார்கள், தோல் பூட்ஸோடு வளவில் நிற்கிற என் பிள்ளையை, அந்த இரும்பை. “ஒன்னுமில்ல ஆச்சி, நாங்கதான்” என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குத் திரும்பினேன். வாசற்படியில் உட்காரவைத்துப் பட்டையை அவிழ்த்தேன்.

“டாக்டரு கழட்டக்கூடாதுன்னாகல்ல ஆத்தா?”

“வீட்டுக்குள்ள தோல் ஆகாதுத்தா. வெளிய போகயில போட்டுக்கிடலாம்.”

அவள் மறுபடி கேட்கவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அப்படியாக, நாள் முழுக்க இருக்க வேண்டிய பூட்ஸ், சாயங்காலம் ஒரு மணி நேரம், பின்கட்டு வாசலுக்கு வெளியே மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நடக்க மட்டும் என்று ஆனது. எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. காலையில் பாதத்தைப் பிடித்துத் தள்ளுகிற பயிற்சியை டாக்டர் சொன்னதைவிட இரண்டு மடங்கு செய்தேன். படுக்கும்போது மாவுத் தொட்டியைக் கட்டினேன். பூட்ஸுக்குப் பதிலாக இது போதாதா என்று ஸ்வாமி படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். படம் என்ன சொல்லும்?

தோல் ஒரு சாக்குதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோல் மட்டும்தான் காரணமென்றால் கித்தானில் ஒரு சோடி தைத்திருப்பேன். அந்த இரும்பை என் பிள்ளையின் காலில் மற்றவர்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் அவள் நிற்கும்போது தூரத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாவாடை மறைத்துவிடும். சத்தம் போடுகிற இரும்பை எந்தப் பாவாடையாலும் மறைக்க முடியாது.

ஆறேழு மாதத்தில் மூத்த ஓர்ப்படியாள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு என்பதால் முகூர்த்தம் எங்கள் வீட்டில். வீடு வெள்ளையடித்து, பாத்திரங்கள் இறக்கி, உறவுக்காரர்கள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு மாதத்துக்கு மேல் பூட்ஸ் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்கில் கிடந்தது. அவளைப் பின்கட்டு அறையில், ஜமுக்காளத்தில் உட்காரவைத்தேன். முழங்காலை மடக்கி, பாதத்தைப் பின்னால் தள்ளி அவளுக்கு வசதியாக எப்படி உட்கார வருமோ அப்படி. பந்திக்கு அப்பளம் எண்ணுவது, பூ தொடுப்பது என்று ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் போவேன். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி “ஒங்களுக்குப் புள்ளைகள்?” என்று கேட்டபோது “ஒரு மகதான், சின்னவ, அங்குட்டு எங்கயோ வெளாடுறா” என்றேன். விளையாடுகிறாளாம். கதவு திறந்துதான் இருந்தது. அவள் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

கல்யாணச் சந்தடி எல்லாம் ஓய்ந்தபிறகு பூட்ஸை எடுத்து மாட்டினேன். கால் உள்ளே போனது, குதிகால் இறங்கவில்லை. பூட்ஸின் அடிக்கும் குதிகாலுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி. கயிற்றை இழுத்துக் கட்டினேன். “வலிக்குது ஆத்தா, வலிக்குது” என்று என் தலைமுடியைப் பிடித்தாள். நான் அதட்டினேன். வளர்ந்துவிட்டாள், பூட்ஸ் சிறிதாகிவிட்டது, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலேயாவில் இருந்த கணவருக்கு எழுதிய கடிதத்தில் “பிள்ளை சுகம். நன்றாக நடக்கிறாள்” என்று எழுதினேன். அவர் பதிலில் முருகன் கிருபை என்று எழுதியிருந்தார்.

மதுரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்தைக் காட்டி ஒரு தடவை தள்ளினேன். அடுத்த தடவை போகாமல் முடியவில்லை. அவள் மறுபடி விரல் நுனிக்கு வந்துவிட்டாள்.

தம்பி எப்போதும்போல வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அறைக்குள் டாக்டரும், நானும், கட்டிலில் அவளும். டாக்டர் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினார். வரவில்லை. முழங்காலை மடக்கித் தள்ளினார், நீட்டித் தள்ளினார். பூட்ஸை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தேயாமல் புதிதுபோல இருந்தது.

“தினம் எவ்வளவு நேரம் போட்டீங்க?”

“நாள் முச்சூடும் போட்டுத்தான் விட்டேனுங்க” என்றேன். இந்தப் பொய்யை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் திறந்தது, அதுதான் வந்தது.

டாக்டர் பூட்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இது எப்படி இப்படி இருக்கும்?” என்றார்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து அவள் இழுத்து இழுத்துச் சொன்னாள். “ஆத்தா போட்டுத்தான் விட்டாக. நாந்தான் கழட்டிக் கழட்டி வச்சுருவேன். வலிச்சுச்சு.”

எட்டு வயது. அந்தப் பட்டையின் கொக்கியை அவள் விரலால் தனியாக அவிழ்க்கவே முடியாது. டாக்டருக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அன்று அவருக்கு வெளியே நீண்ட வரிசை. அவளைத்தான் திட்டினார். இவ்வளவு பெரிய பிள்ளை, புத்தி இருக்கிற பிள்ளை, அம்மா இவ்வளவு கஷ்டப்படுகிறாள், உனக்காகத்தானே இதெல்லாம் என்று. நல்ல மனிதர், கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் திட்டை வாங்கிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கண்ணீர்கூட வந்தது. டாக்டர் அதைப் பார்த்து என்னிடம் தணிந்த குரலில், “நீங்க வருத்தப்படாதீங்கம்மா” என்றார். அந்த ஆறுதலையும் நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. ஏற்கனவே நீட்டிய நரம்பை மறுபடி நீட்டினால் பலம் குறையும் என்று முன்பே சொன்னார். சொன்னபடியே ஆனது. குதிகால் இறங்கியது. ஆனால் கெண்டைக்காலில் தெம்பு போய்விட்டது. நடக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும், ஒரு கையில் தடி வேண்டும். முதல் தடவை கட்டுப் பிரித்தபோது டாக்டர் தடியில்லாமல் நடப்பாள் என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த அன்று முகப்பில் உட்கார்ந்து பழக்க தோஷத்தில் பட்டையில் கை வைத்தேன். மூத்த ஓர்ப்படியாள் தண்ணீர்ச் செம்போடு வந்தவர் நின்றுவிட்டார்.

“என்னத்துக்கு அதைக் கழட்டுறே?”

“வீட்டுக்குள்ள தோல் ஆகாதுங்களே, ஆச்சி.”

“ஆரு சொன்னா? நான் சொன்னேனா? ஒம் புருசன் கொண்டாந்து கட்டிலுக்கடியில வச்சிருக்கிற பெட்டி என்ன பனையோலையா?”

“போன தடவ நீங்கதான் சத்தம் என்னன்னு கேட்டீக” என்றேன், முணுமுணுப்பாக.

“சத்தம் கேட்டுச்சு, கேட்டேன். அதுக்காகவா இந்தப் புள்ளைய ஒரு வருசமா வெறுங்காலோட விட்டே? அடிப் பாவி, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? சாமி அறைப் பக்கம் வராம இருந்தாப் போதாதா? தரை அழுக்கானா கழுவிக்கிடலாம்த்தா.” செம்பைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணி எடுத்துவந்து, இரண்டு பூட்ஸையும் தன் கையாலேயே துடைத்து, அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். டக், டக் என்ற சத்தம் வளவைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன ஓர்ப்படியாள் எட்டிப் பார்த்து, “சாப்புட்டுட்டு வந்தீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். டாக்டர் கொடுத்தார். வீடும் கொடுத்திருக்கும். நடுவில் நின்ற பூசாரி நான்தான். அதுவரை வீட்டுக் கட்டுப்பாடு, ஊர் வாய் என்று யார்மேலாவது போட்டு வைத்திருந்தேன். அன்றோடு அதுவும் போயிற்று. அந்த அவமானத்தில் மூத்தவரோடு நான் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்ன தப்புச் செய்தார், பாவம்.

பிறகு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வளர வளரப் பூட்ஸ் மாற்றினோம். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு மாட்டுவண்டியில் அனுப்பினேன். படித்தாள். கையெழுத்து கோணலாக இருக்கும், மார்க் நேராக வரும். எழுபதுகளின் நடுவில், அவளுக்குப் பதினேழு வயதில், கடைசியாக ஒரு தடவை மதுரைக்குப் போனோம். அதே டாக்டர், தலை நரைத்திருந்தது. “வளர்ச்சி நின்னுபோச்சு. இனிமே கத்தி வேண்டாம். இதுதான் நடை. இதை வச்சு நல்லா இருக்கணும்” என்றார். அவளிடம் கல்லூரியைப் பற்றி விசாரித்தார். பழையது எதுவும் அவருக்கு நினைவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மேலூர் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன். இதுதான் நடை என்ற சொல் காதிலேயே இருந்தது. அவள் ஜன்னல் பக்கம், தடியை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அன்னைக்கு டாக்டர்ட்ட நான் பொய் சொன்னேன்த்தா. நீ எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டே. நானே கழட்டிப்புட்டு ஒன்னையத் திட்டு வாங்க வச்சேன்” என்றேன். ஒன்பது வருஷமாக மனப்பாடம் செய்துவைத்திருந்தது. சொன்னதும் அவள் என்னைக் கட்டிக்கொள்வாள், விடுங்க ஆத்தா என்பாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

அவள் தடியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாள். கோபமில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம்.

“நீங்க கழட்டுனது எனக்குப் பெருசாத் தெரியல ஆத்தா. பயந்துக்கிட்டுச் செஞ்சீக. ஆனா நான் டாக்டர்ட்ட அப்படிச் சொன்னதும், ‘இல்ல, அவ இல்ல, நாந்தான்’னு நீங்க சொல்லுவீகன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவுக திட்டி முடிக்கிறவரைக்கும் ஒங்க முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு அது தெரியாது. நான் அன்றைக்குத் தலை நிமிரவே இல்லை.